ஆடித் தள்ளுபடியில் அந்தமான்

தீவு என்னவோ தங்கமான தீவுதான். காலடியில் கடல், தென்னைகளுக்கு நடுவே ஊஞ்சல், கூப்பிட்டால் ஒழிய எட்டிப் பார்க்காத பணியாட்கள். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இசைவாணிக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். அவளோடு அறையில் தங்கியிருந்தது அவளுடைய அம்மா மலையம்மாள். புருஷன் அருண்பாண்டி பக்கத்து அறையில் தனியாகக் கிடந்தான்.

எல்லாம் அவன் செய்த வேலை. ஆடித் தள்ளுபடியில் ஊர் உலகம் ஜவுளி எடுக்கும், பாத்திரம் எடுக்கும். தேனிலவு எடுத்த முதல் ஆள் இவன்தான். ஜூலையில் அந்தமான் மலிவு என்று தல்லாகுளத்து ஆபீசில் உட்கார்ந்தபடியே டிக்கெட் போட்டுவிட்டான். ஜூலை பாதியில் ஆடி பிறக்கும், புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள் என்பதெல்லாம் அந்த மண்டையில் உதிக்கவே இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து சொந்தக்காரர் வீடுகளில் விருந்துக் கறி தின்றதுதான் மிச்சம். அவனோடு தனியாக உட்கார்ந்து முழுசாக ஒரு பேச்சுப் பேசியதில்லை. யாரைக் கட்டியிருக்கிறோம் என்றே இசைவாணிக்குத் தெரியவில்லை. இந்தப் பயணத்தைத்தான் நம்பியிருந்தாள்.

மலையம்மாள் பெண்ணை அழைத்துப் போக ஆடிச் சீர்த்தட்டோடு மேலூரிலிருந்து விளாங்குடியில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து இறங்கியபோது விஷயம் வெடித்தது.

"ஆடியில புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கக் கூடாதுன்னா கூடாதுதான். பிள்ள அவ ஆத்தா கூடத்தான் இருக்கணும்" என்று மாமியார் சோணையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இசைவாணி புருஷனைப் பார்த்தாள். 'நாங்க போறோம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றவன், கடைசியில் திருவாய் மலர்ந்தான்.

"அப்ப அத்தையும் கூட வரட்டும்மா. ஆத்தா கூட இருந்த மாதிரியும் ஆச்சு, டிக்கெட்டும் வீணாகல."

இப்படியும் ஒரு மூளை! அவளுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

தீவில் கட்டில் நிறைய ரோஜா இதழ் தூவி, துண்டிலேயே இரண்டு அன்னம் செய்து வைத்திருந்தார்கள். மலையம்மாள் இதழைக் கூட்டித் தள்ளினாள். அன்னத்தை உதறி முகம் துடைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்கக் குறட்டை. பகலில் எங்கே போனாலும் நடுவில் நந்தி. அருண்பாண்டி அத்தைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

மறுநாள் அம்மா ஊஞ்சலில் சாய்ந்த நேரம் பார்த்து இசைவாணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஒரு வார்த்த பேச மாட்டீகளா? இன்னைக்கு ஆடி. நாளைக்கு வேற ஏதாச்சும் வரும். அப்பவும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டு நிப்பீகளா?"

"பெரியவங்ககிட்ட எப்படி வாணி…"

"அப்படின்னா அவுக கூடவே குடும்பம் நடத்துங்க."

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறினான். பிறகு விறுவிறுவென்று ஊஞ்சலுக்குப் போனான். அவள் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினாள்.

"அத்தை, நீங்க என் ரூமுக்குப் போயிருங்க. வாணி என் கூடத்தான் இருக்கணும். எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

மலையம்மாள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு அவனை முறைத்தாள்.

"ஏன் மாப்ள, இதை அன்னைக்கே விளாங்குடியில சொல்லியிருந்தா, சீர்த்தட்ட இறக்கி வச்சுட்டு அடுத்த பஸ்ஸுல மேலூர் போயிருப்பேன்ல? சொல்லுவீக சொல்லுவீகன்னு உங்க வாயவேதானே பாத்துக்கிட்டு நின்னேன்!"

இசைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்லம்மா?"

"பொண்ணப் பெத்தவ நான் எப்படிடி சொல்றது?" என்றாள் மலையம்மாள்.