சும்மா கிடக்கிற நிலம்

என் வீட்டுக்காரருக்கு எதற்கெடுத்தாலும் 'சும்மா' என்று சொல்லாவிட்டால் பேச்சே வராது. அந்த ஒரு சொல் எங்கள் நிலத்தை முழுங்கிவிட்டது.

அவருக்கு டவுனில் டயர் கடையில் வேலை. குன்றடியில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை உழுவதிலிருந்து அறுப்பதுவரை பார்ப்பவள் நான். நாலைந்து வருடம் சோளம் போட்டால் ஒரு வருடம் மண்ணை ஆறப்போடுவேன். குன்றைக் குடைந்து சுண்ணாம்புக்கல் எடுக்கப் போகிற கம்பெனி, ஆறப்போட்ட வருடமாகப் பார்த்துத்தான் ஆள் அனுப்பியது.

வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். காற்றில் எவ்வளவு தூசி என்று ஒரு பெட்டியை வைத்து அளந்தார்கள். வேலியில் உட்கார்ந்த குருவியைக்கூட விடாமல் எண்ணினார்கள். அன்றைக்கு நான் அந்த நிலத்துக்குத்தான் எரு பேசி முடிக்கப் போயிருந்தேன். லீவில் இருந்த இவரிடம், "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒண்ணுமில்ல சார், சும்மாதான் கிடக்கு."

இது எனக்கு, குவாரி பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில்தான் தெரிந்தது. பள்ளிக்கூட ஹாலில் அதிகாரி கம்பெனியின் அறிக்கையை மைக்கில் வாசித்தார்: குன்றடி நிலம், பயன்பாடற்ற தரிசு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தரிசு இல்ல சார், ஆறப்போட்டிருக்கு. அடுத்த மழைக்கு விதைக்கணும்" என்று எழுந்தேன்.

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா சும்மா கிடக்குன்னார்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தார். "வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்" என்று இடித்தேன்.

"சும்மான்னா... அந்தச் சும்மா இல்லீங்க" என்று இழுத்தார். ஹாலே சிரித்தது.

அதிகாரி சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். இவரைப் பார்த்துக் கேட்டார்: "சரி, பயிர் பண்றவங்க யாரு? அவங்க ஆட்சேபணையைப் பதிவு பண்ணிக்கிறேன். நீங்களா?"

"நான் டயர் கடைங்க."

"அப்ப இவங்களா? இவங்க என்ன பண்றாங்க?"

கல்யாணமான நாளிலிருந்து யார் கேட்டாலும் இவர் சொல்கிற பதில் ஒன்றுதான். அன்றைக்கும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என் சம்சாரங்க. வீட்ல சும்மாதான் இருக்கா."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதைப் பல வருடம் முன்பே துண்டாகக் கடித்திருக்கலாம்.

அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. காய்த்துப்போன இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நாந்தான் சார் பயிர் பண்றேன், நாந்தான்" என்று கத்தினேன்.

"அவரே சொல்லிட்டாரேம்மா" என்ற அதிகாரி, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் குனிந்து, "இந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிறவங்க யாருமில்லைன்னு போட்டுக்குங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தன்மையாகச் சொன்னார்:

"நீங்க உட்காருங்கம்மா. பாதிக்கப்படுறவங்க பேசட்டும்."