நாற்பது ஒட்டுக்கன்றுகள்

லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய அந்த வருஷம், பேட்டை வைத்தியலிங்கம் பிள்ளைவாள் தோட்டத்தில், நல்ல இனிப்பு மாமரம் ஒன்றைச் சுற்றிப் பரண் கட்டி நாற்பது சட்டிகளை ஏற்றிவைத்தேன். ஒவ்வொரு சட்டியிலும் கொட்டை போட்டு முளைத்த புளிப்பு மாங்கன்று. கன்றின் தண்டையும் தாய்மரத்துக் கிளையையும் சீவி, சேர்த்துவைத்து வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன். மூன்று மாதத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுத்து, கன்றின் தலையையும் வெட்டிவிட்டால் புளிப்பு வேரில் இனிப்பு மரம் நிற்கும். அதுவரை காலையும் மாலையும் நாற்பதுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாய்க்காலிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஏணி ஏறினவன் நான். இரண்டு மாதத்தில் தோள்பட்டை என்னுடையதாகவே இல்லை.

ஆனிக் கடைசியில் பிள்ளைவாள் வந்து பரணை அண்ணாந்து பார்த்தார். மகள் உலகம்மாளை முக்கூடலில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் புருஷன் வீட்டுக்குப் போகும்போது நாற்பது ஒட்டுக்கன்றும் கூடவே வரும் என்று சம்பந்தியிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

"ஏலே சிவசைலம், வெள்ளிக்கிழமை வண்டி புறப்படுது. எல்லாத்தையும் அறுத்து இறக்கிரு."

"ஐயா, இன்னும் ஒரு மாசம் கெடக்கு. இப்ப அறுத்தா ஒட்டு அம்புட்டும் கருகிப்போகும்."

"ஆடி பொறந்தா பிள்ளைய அனுப்ப முடியுமாலே? பைய அறு. உன் கைராசிக்கு எதுவும் கருகாது."

கைராசியாம்! சிவசைலம் நட்டது பட்டுப்போகாது என்ற பேர் ஒன்றுதான் எனக்குச் சோறு போடுகிறது. நாற்பதும் கருகினால் நாள் குறித்த ஜோசியரை யாரும் குறை சொல்லப் போவதில்லை. சிவசைலம் கை சரியில்லை என்பார்கள். அதற்கப்புறம் எந்தத் தோட்டத்தில் என்னைச் சேர்ப்பார்கள்? இன்னொரு தரம் வாயைத் திறந்திருக்கலாம். உள்ளதைச் சொன்னால், அலுத்துப்போயிருந்தது.

வியாழக்கிழமை பரணில் ஏறினேன். கிளைகளை அறுத்தேன். கன்றோடு கட்டியிருந்த துண்டுகளையும் பிய்த்துக் கீழே எறிந்தேன். கன்றுகளின் தலையை மட்டும் வெட்டாமல் விட்டேன். காயத்தில் களிமண்ணை அப்பி, மேலே புது நார் சுற்றினேன். மாவிலையில் இனிப்பு இலை, புளிப்பு இலை என்று எழுதியா இருக்கிறது? நாற்பதும் பச்சைப்பசேலென்று நின்றன. நாற்பதும் வெறும் புளிப்புக் கன்று. காய்க்கவே எட்டு வருஷம் ஆகும்.

"பார்த்தியாலே, ஒண்ணாவது வாடிச்சா?" என்றார் பிள்ளைவாள்.

வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்த உலகம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சிவசைலம், இது எத்தனை வருஷத்துல காய்க்கும்?"

"ஒட்டுல்லா தாயி, மூணு வருஷம்."

"நீ தண்ணி சுமந்து பட்ட பாட்டை அப்பா சொன்னாவ. முதப் பழம் உனக்குத்தான். வீட்டுல யாரையும் தொட விடமாட்டேன். ஆள் அனுப்புனா வரணும், என்ன?"

"வாறேன் தாயி" என்றேன்.

வண்டி நகர்ந்தது. வழியில் குலுங்கி ஒட்டு விட்டுப்போகக் கூடாதென்று, ஒரு சட்டியை மடியில் வைத்து, நான் களிமண் அப்பின இடத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு போனாள். ஓடிப்போய் அதைப் பிடுங்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. நான் ஓடவில்லை.