நாற்பத்தோரு வீட்டில் பயணம் சொன்னவர்

தொலைபேசி இலாகாவின் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லை. அதனால்தான் தொண்ணூற்று நாலில், பாளையங்கோட்டையில் மனம் உடைந்தவர்களுக்கான தொலைபேசி உதவியில் மதியநேரம் உட்கார ஒப்புக்கொண்டேன். வெளியே சேவை என்று பீற்றிக்கொள்வேன்.

பேசி முடித்ததும் ஒரு தாளில் குறிக்க வேண்டும்: உயிருக்கு ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா. சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிட்டுத்தான் குறிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்த கிரேஸ் டீச்சர் தலைபாடாய் அடித்துக்கொள்வார்.

"கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துராது, ஆவுடைநாயகம் சார். கேக்காம இருந்தாத்தான் ஆபத்து."

எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் சாவு என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். ஒண்ணு கெடக்க ஒண்ணு என்று சுற்றி வளைப்போம். அழுகிறவருக்கு அதிகம், அழாதவருக்குக் குறைவு. என் கணக்கு அவ்வளவுதான்.

மேலப்பாளையம் அசன் மைதீன் அழாதவர். நாங்கள் பேர் கேட்பதில்லை, அவரே சொன்னார். சவூதியில் கம்பெனியை மூடிவிட, திரும்பி வந்து எட்டு மாதம். வாரம் ஒருதரம் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவார்.

"எதுக்க வாரவங்க எல்லாம் எப்ப பயணம்னுதான் கேக்காங்க அண்ணாச்சி" என்று சிரிப்பார். பிறகு என் முழங்கால் வலியை விசாரிப்பார். ஒவ்வொரு முறையும் குறைவு என்றே போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் குரல் வழக்கத்தைவிடத் தெளிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பயணம் அண்ணாச்சி. நாப்பத்தோரு வீட்டுல பயணம் சொல்லியாச்சு. பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் வீட்டுலயும் போயி, நான் செஞ்ச தப்பைப் பொறுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்லா?"

மறுபடி வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. வெளிநாடு போகிறவர்கள் வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்லி விடைபெறுவது அங்கே வழக்கம். குறைவு என்று போட்டே விட்டேன். பேச்சை முடிக்க மனமில்லாமல், "திருவனந்தபுரத்துல எத்தன மணிக்குப் பிளேன்?" என்றேன்.

"முழங்கால் வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றார்.

"எந்தக் கம்பெனிக்கு?"

அதற்குப் பதில் வரவில்லை. லைன் அறுந்திருக்கவில்லை, அவர் மூச்சு கேட்டது. விசா எதுவும் வரவில்லை என்று உறைத்தது. இந்த மனிதர் எதற்காக எல்லாரிடமும் விடைபெற்றிருக்கிறார் என்று புரிந்ததும் தாளில் போட்ட குறைவை அடித்தேன். கிழட்டு மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அசன் மைதீன், சாகணும்னு நெனைச்சிருக்கீங்களா?"

"ஆமா அண்ணாச்சி." பிறகு மெதுவாக, "நீங்களாவது கேட்டீங்களே" என்றார்.

"பயணம் சொன்னா, போயிட்டு வாங்கன்னு பதில் சொல்லணும்லா? நான் சொல்ல மாட்டேன். போனை வச்சிராதீங்க."

அப்போதுதான் அழுதார். "அத்தன வீட்டுலயும் சொல்லிட்டேனே. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடக்க?"

"அத்தன வீட்டையும் விடுங்க. ஒரு வீட்டுல உண்மையச் சொன்னாப் போதும். உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"எம் பொண்டாட்டி நஸீமா. எனக்குப் பெட்டி அடுக்கிக்கிட்டு இருக்கா."

வீடு பூத்துக்கு அடுத்த சந்துதான் என்றார். பூத்துக்காரரை அனுப்பி அவளை அழைத்துவரச் சொன்னேன்.

"நீங்க லைன்லயே இருங்க. விசா சங்கதிய மட்டும் அவங்ககிட்டச் சொல்லுங்க. மிச்சத்த நான் சொல்லுதேன்."

காத்திருந்தோம். ஆட்டோ ஒன்று போன சத்தம் கேட்டது. அவர் விசும்பல் கேட்டது. வேலைபார்த்த காலத்தில் எத்தனையோ பேரைக் காக்கவைத்திருக்கிறேன், இப்படி ஒரு காத்திருப்பு எனக்கு வாய்த்ததில்லை.

"என்னங்க, ஏன் அழுவுதீங்க?" பெண்குரல் தூரத்தில் கேட்டது.

"விசா வரல, நஸீமா. எல்லாம் பொய்யி. எனக்கு விசாவே வரல."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்ப நீங்க போகலியா?" என்று கேட்டாள். சந்தோஷத்தில் அவள் குரல் உடைந்தது.