சுருங்காத மேசை

காரில் ஏறும்போதே அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “சிவரூபினி, அங்கை போய் ஒரு கதிரை மேசையையும் தடவிப் பாக்காதை. உன்ரை தங்கச்சியின்ரை காரியம்.”

நான் ஏல நிறுவனம் ஒன்றில் பழைய ஆங்கிலேயத் தளபாடங்களைப் பார்த்து, வயது சொல்லி, எது அசல், எது ஒட்டு என்று பிரிக்கிற வேலை செய்கிறேன். போன வருடம் தங்கைக்குப் பேசிய ஒரு வீட்டில், மாப்பிள்ளையின் பெரியம்மா பெருமையாகக் காட்டிய அலுமாரியைப் போலி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அதற்கு நானா பொறுப்பு? கேட்டால் சொல்லத்தானே வேண்டும்! ஆனால் இந்த முறை பேசிய எலெக்ட்ரீசியன் பெடியனைத் தங்கை பிரசாந்தினி உண்மையாகவே விரும்பினாள். வழி முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் தில்லையம்பலத்தார் பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கடை போட்டவர். எங்களை இருக்கச் சொல்ல முதலே, வரவேற்பறை நடுவில் இருந்த வட்ட மேசையைக் காட்டினார். ஒரே தண்டு, கீழே நாலு கால், மேலே மஹோகனிப் பலகை.

“லண்டனிலை நான் முதன்முதல் வாங்கின சாமான். இருநூறு வருசம் பழசு. வெள்ளிக்கிழமை எண்டால் நானே மெழுகு போட்டுத் துடைப்பன். ஒருத்தரையும் தொட விடமாட்டன்.”

அவரும் மனைவியும் தேத்தண்ணி எடுக்க உள்ளே போனார்கள். அம்மா சுவரில் இருந்த படங்களைப் பார்க்கத் திரும்பினாள். என் கை சும்மா இருக்குமா? நாங்கள் கொண்டுபோன பலகாரப் பெட்டியில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து மேசைமேல் இழுத்துப் பிடித்தேன். முதலில் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாக, பிறகு அதற்குக் குறுக்காக. வயது போகப் போக மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும். இருநூறு வருடத்து வட்ட மேசை கொஞ்சமாவது முட்டை வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும். இதுவோ தோசைக்கல் போல அச்சொட்டான வட்டம்.

காதுத் தோட்டின் திருகுச் சுரை விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மேசைக்கடியில் புகுந்தேன். காலும் தண்டும் அசல்தான். பலகையில்தான் பிசகு. பழைய மேசையின் விளிம்புக்குக் கீழே, காலம் காலமாகப் பிடித்த விரல்களின் அழுக்குப் படிந்து கறுத்துப்போய் இருக்கும். இங்கே ஒரே சீரான சாயம்.

“அக்கா, நானும் தேடட்டோ?” என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை ரதீசன் மறுபக்கத்தால் தவழ்ந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது.

“இந்தப் பலகை ஆர் போட்டது?” என்று மெல்லக் கேட்டேன்.

“நான்தான். அப்பா கனடாவுக்குப் போயிருக்கேக்கை, இதுக்கு மேலை ஏறி நிண்டு லைட் மாட்டினன். ரெண்டாப் பிளந்திட்டுது. பழைய அலுமாரி ஒண்டு வாங்கி, அந்தப் பலகையிலை செய்து போட்டன். அவர் மெழுகு போடேக்கை எல்லாம் நான் வெளியிலை போயிடுவன். சொல்லிப்போடாதேங்கோ, அக்கா.”

எலெக்ட்ரீசியன் ஒருவன் ஏணி எடுக்கச் சோம்பல்பட்டு இந்த மேசையில் ஏறியிருக்கிறான்! எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பலகைகள் சேர்கிற இடத்தைத் தடவிப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. கோபத்தோடு மெச்சுதலும் வந்து தொலைத்தது.

வெளியே வந்தால் தில்லையம்பலத்தார் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறார். “பிள்ளைக்கு இதிலைதானாம் வேலை. நீங்களே சொல்லுங்கோ, எங்கடை மேசை என்ன மாதிரி?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிரசாந்தினி என்னையே பார்த்தாள். மரத்தைப் பற்றி நான் இதுவரை பொய் சொன்னதில்லை. தங்கைக்காக ஒன்று சொல்வோம் என்று வாயைத் திறந்தேன்.

“அப்பா, பலகை பழசில்லை,” என்று ரதீசன் முந்திக்கொண்டான். “பழசை நான் உடைச்சுப்போட்டன். இது நான் செய்தது. எனக்காக அக்கா பொய் சொல்ல வேண்டாம்.”

தில்லையம்பலத்தார் தட்டைக் கதிரையில் வைத்தார். மேசையைச் சுற்றி வந்து, குனிந்து பொருத்துகளைத் தடவினார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்திலா, வேறெதிலா என்று தெரியாமல் நான் தவித்தேன்.

“அப்ப இவ்வளவு நாளும் உன்ரை பலகைக்கோடா நான் மெழுகு போட்டனான்?”

“ஓம், அப்பா.”

என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, வேலை எப்பிடி?”

“ரிப்பன் பிடிச்சுப் பாக்குமட்டும் எனக்கே தெரியேல்லை, மாமா.”

ரிப்பன் என்றதும் அம்மா முறைத்தாள். அவர் வெடித்துச் சிரித்தார். சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்து மகனிடம் நீட்டினார். “கீழை போய் உன்ரை பேரை எழுதடா. இன்னும் இருநூறு வருசத்தாலை ஆரும் வந்து பாக்கேக்கை, ஆர் செய்ததெண்டு தெரிய வேணும்.”

ரதீசன் மறுபடி மேசைக்கடியில் புகுந்தான். இருட்டாக இருக்கிறது என்று குரல் கொடுத்தான். பிரசாந்தினி போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு, பட்டுச் சேலை கசங்குவதையும் பாராமல், அவன் பின்னால் புகுந்தாள். வெகு நேரமாக இருவரும் வெளியே வரவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“ரெண்டு பேரும் வெளியிலை வாங்கோ!” என்று அம்மா சத்தம் போட்டாள். “நாள் குறிக்க வேணும்.”