வீண் மூலை

நான்காவது முளை வர மறுத்தது. மற்ற மூன்றையும் இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கிவிட்டாள். இதை மட்டும் மூத்தார் யார் மேலோ இருந்த கோபத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல் அடித்து இறக்கியிருந்தார். மண்வெட்டிக் காம்பால் இடமும் வலமுமாகத் தட்டிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தாள். வந்துவிட்டது. அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வீட்டு முன்னறையில் அவள் கணவர் நேற்று மாலையிலிருந்து படுத்திருந்தார். பத்து மணிக்கு அடக்கம். அவருக்குக் குழி வெட்ட அவருடைய அண்ணனான மூத்தார் அளந்து அடித்த முளைகள்தான் இவை.

நான்கையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூசணித் தோட்டத்துக்குள் இறங்கினாள். ஐந்தாவது வரிசைக்கு நடுவில் நின்றாள். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி அவர் காட்டிப் பெருமைப்பட்ட வரிசை அது. கொடிகளை ஒதுக்கி, ஆறரை அடிக்கு மூன்றடி என்று அளந்து, முளைகளை ஒவ்வொன்றாக அடித்தாள்.

அவரை எல்லோரும் அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். நிலத்தில் ஓர் அங்குலம் சும்மா கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. கல்யாணமாகி அவள் வந்த புதிதில் நிலத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்வேலி இருந்தது. உள்ளே எள், பயறு, வெள்ளரி, பூசணி என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு துண்டு நிலத்தை வருஷத்துக்கு ஒரு பக்கமாகச் சும்மா விட்டு வைப்பார்கள். வேலிக் குச்சிகளின் ஓட்டைகளிலும், பட்ட மரத்திலும், வெயில் விழும் வெற்று மண்ணிலும் காட்டுத் தேனீக்கள் குடியிருந்தன. பெட்டியில் வளர்ப்பவை அல்ல, கூட்டமாக அடை கட்டுபவையும் அல்ல. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துளை போட்டுக்கொண்டு, அதில் மகரந்தத்தைச் சேர்த்து முட்டையிடுகிற தனிக்குடித்தனக்காரிகள்.

பிறகு பூசணி மட்டும் போதும் என்று ஆனது. லாரி வந்து நின்று மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகும். வேலியை வெட்டினார், இரண்டு வரிசை கிடைத்தது. பட்ட மரத்தை விறகுக்குக் கொடுத்தார், இன்னொரு வரிசை கிடைத்தது. சும்மா விடுகிற வழக்கம் நின்றது. வரப்புக்குக் களைக்கொல்லி வந்தது, நிலத்துக்கு ஆழ உழவு வந்தது. இதில் எரிச்சல் என்னவென்றால், எதுவும் உடனே கெட்டுப்போகவில்லை. வேலி போன வருஷம் காய் நன்றாகத்தான் பிடித்தது. அதையே அவர் பத்து வருஷம் சொல்லிக் காட்டினார். கெட்டது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்தது. முதலில் பச்சையாக மின்னும் சின்னத் தேனீ வராமல் போனது. அப்புறம் மரத்தைத் துளைக்கும் கறுப்புத் தடிச்சி போனாள். பிஞ்சுகள் ஒரு பக்கம் சூம்பி, மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன.

தேனீக்கள் செய்துவந்த வேலையை ஆறு வருஷமாக அவள்தான் செய்கிறாள். பூசணிப் பூ விடியும்போது விரிந்து பத்து மணிக்குள் சுருண்டுவிடும். அதற்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, அதன் மகரந்தம் ஒட்டும்படி ஒவ்வொரு பெண்பூவையும் குனிந்து தொட வேண்டும். அவளுக்கு இடுப்பு போனதுதான் மிச்சம். காய் நன்றாக இருந்தால் அவர் உரத்தைப் பாராட்டுவார்.

மிஞ்சியது அந்த ஒரு மூலை. மின்கம்பமும் அதைத் தாங்கும் இழுகம்பியும் நடுவில் நின்றதால் டிராக்டர் திரும்ப வழியில்லாத இடம். ஒரு கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். அவர் அதற்கு வீண் மூலை என்று பேர் வைத்திருந்தார். கம்பத்தை மாற்றச் சொல்லி மூன்று முறை மனு எழுதிப் போட்டார். மின்சார அலுவலகத்தின் சோம்பலுக்கு அவள் மனதுக்குள் மூன்று முறை கும்பிடு போட்டாள். அந்த வெற்று மண்ணில் பென்சில் நுழைகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள், நூறாவது இருக்கும். அந்த மூலையை ஒட்டிய இரண்டு வரிசைகளுக்கு மட்டும் அவள் கை தேவைப்படவில்லை. நம்பாதவருக்கு நிரூபிக்க, தான் தொடாத பூக்களில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள். எல்லாம் காய்த்தன. அழைத்துப்போய்க் காட்டினாள். நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்க தண்ணி நல்லாப் பாயுது என்றார்.

அதே மனிதர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியதும் நிலத்தைப் பற்றித்தான். "என்னை அந்த வீண் மூலையிலயே வச்சிடுங்க. நல்ல நிலத்தைக் கெடுக்காதீங்க." மகன் அழுதுகொண்டே தலையாட்டினான். அவளுக்கும் அழுகை வந்தது. கூடவே அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

நேற்று மாலை மூத்தார் முளைகளோடு கிளம்பியபோது, அங்கே தேனீக்கள் கூடு வைத்திருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தாள். நல்லவேளை சொன்னாய், குழி வெட்டுகிறவரைக் கொட்டிவிடப் போகிறது, காலையில் முதலில் மருந்து அடித்துவிடுவோம் என்றார் அவர். அவை கொட்டாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பந்தல்காரரிடம் நாற்காலிக் கணக்கு பேசப் போய்விட்டார்.

குழி வெட்டுபவர் ஆறரைக்கு வந்தார். முளைகளையும் சுற்றியிருந்த கொடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கதானாம்மா? காயெல்லாம் இருக்கே."

"இங்கதான். நான் பறிச்சிடறேன்."

முற்றாத மூன்று காய்களை அறுத்துத் தள்ளி வைத்தாள். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அவர் வெட்ட வெட்ட, பக்கத்துச் செடிகளில் விரிந்திருந்த பூக்களைப் பழக்க தோஷத்தில் தொட்டுக்கொண்டே நின்றாள். யாராவது பார்த்தால் பேசுவார்கள் என்று தோன்றியது. பேசட்டும்.

மகன் எட்டு மணிக்கு வந்து பார்த்தபோது குழி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. பின்னாலேயே வந்த மூத்தார், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குழி வெட்டுபவரிடம் சொன்னார். வெட்டிய குழியை மூடி இன்னொன்று வெட்டலாமா என்றும் கேட்டார். ஒரு சாவுக்கு இரண்டு குழி வெட்டமாட்டேன் என்று அவர் கடப்பாரையை நட்டு வைத்துவிட்டு நின்றார்.

மகன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பா கடைசியா ஒண்ணே ஒண்ணுதானேம்மா கேட்டார்."

"முப்பது வருஷமா அவர் கேட்டபடிதான் இந்த நிலத்துல எல்லாம் நடந்துது. இது ஒண்ணு நான் கேட்கறேன்."

"நீ எங்க கேட்டே? செஞ்சுட்டே."

அவன் சொன்னது நியாயம்தான். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பதும் நிஜம்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு முன்னறையை விட்டு அவளால் அசைய முடியவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்தார்கள். வாசலில் வண்டிகள் வந்து நிற்பதும், மகன் குரல் கொடுத்து வழி காட்டுவதும் கேட்டது. அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தடியில் இன்னும் மண் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எவ்வளவு துடைத்தும் போகாத மண். அந்தக் கை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமாம் நீ சொன்னது சரிதான் என்று அவள் முதுகில் தட்டியிருக்கலாம். இனி அதற்கு வழியில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது.

அடக்கம் சீக்கிரமே முடிந்தது. ஐந்தாவது வரிசையில் கொடிகளுக்கு நடுவே மண் குவிந்தது. கை மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள்.

வீண் மூலை முழுக்க வண்டிகள். ஒன்பது கார், ஒரு வேன், இழுகம்பியில் சாய்த்து வைத்த மோட்டார் சைக்கிள்கள். வேன் ஒரு தடவை முன்னும் பின்னும் போய் இடம் பிடித்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

மகன் அவள் பார்வையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"குழி அங்க இல்லைன்னு ஆயிடுச்சு. காலியாத்தானே கிடக்குன்னு விடச் சொன்னேன். இல்லேன்னா நம்ம செடி மிதிபட்டிருக்கும்மா."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். கத்துவதற்குக்கூட அவன் இடம் வைக்கவில்லை. அவள் நேராக அந்த மூலைக்குப் போய் நின்றாள். சீக்கிரம் கிளம்பட்டும் என்று நின்றாள். வந்தவர்களோ, பாவம், இந்த நேரத்திலும் மரியாதைக்கு வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து, அவருடைய உழைப்பைப் பற்றி, சாப்பாட்டு நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பதைப் பற்றி, தங்கள் வீட்டில் நடந்த சாவைப் பற்றி நிதானமாகப் பேசினார்கள். அவள் தலையாட்டினாள். என்ஜின் சத்தம் கேட்கிறதா என்று காது மட்டும் காத்திருந்தது. மூத்தாரின் வண்டிதான் கடைசி. அவர் ஒன்றும் பேசாமல் ஏறினார். அன்றைக்கு அவர் செய்த ஒரே உபகாரம் அது.

மண் பாளமாக இறுகிக் கிடந்தது. டயரின் பற்கள் பதிந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. குனிந்து தேடினாள். துளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எது எங்கே இருந்தது என்று காலையில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள்.

அப்போது ஒரு தேனீ வந்தது. பின்னங்கால்கள் இரண்டிலும் மஞ்சளாக மகரந்தம் அப்பியிருந்தது. ஒரு தடத்தின் மேல் இறங்கியது. நடந்து பார்த்தது. எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் மறுபடி இறங்கியது.

வீட்டிலிருந்து மகன், தண்ணீர் சுடவைத்திருக்கிறது, குளிக்க வா என்று கூப்பிட்டான். வருகிறேன் என்றாள். தேனீ மூன்றாவது முறையாக இறங்கியது. அவள் நிழல் அங்கே விழுந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிழல் அதன் மேல் படாதபடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.