நடை அறையின் மஞ்சள் கட்டம்

முழங்காலுக்கு ஒரு குணம் உண்டு. நன்றாக இருக்கிற வரைக்கும் தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது. ஒருநாள் மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டதோ, உட்கார்ந்தால் ஒரு முனகல், எழுந்தால் ஒரு முனகல் என்று வீட்டையே கூட்டிவிடும். உங்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போதும் ஒரு கை முட்டியின் மேல்தானே இருக்கிறது?

அந்த முழங்காலோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றவள் ஒரு டாக்டர். மூட்டுத் தேய்மானம் அவளுடைய ஆராய்ச்சி. ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாருமில்லை, எல்லோருக்கும் அவள் முட்டியம்மா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளே ஒருநாள் போனை எடுத்து, "முட்டியம்மா பேசறேன்" என்று சொன்னதும் கிண்டல் பட்டமாகிவிட்டது.

அவளுக்கு ஓர் அக்கா. தங்கை படிக்க வேண்டும் என்று தான் பள்ளிக்கூடத்தை விட்டு தையல் மிஷின் முன் உட்கார்ந்தவள். மிதித்து மிதித்து முட்டி தேய்ந்ததோ, வயதால் தேய்ந்ததோ, இப்போது மாடி வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஜன்னல்தான் அவளுக்குத் தெரு.

"ஊர்ல இருக்கற முட்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கற. கூடப் பொறந்தவ முட்டிக்கு மட்டும் வாய்தா வாங்கற. இது எந்த ஊரு நியாயம்டி?" என்பாள் அக்கா, தங்கை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே.

"இன்னும் நிரூபிக்கலையேக்கா. நிரூபிக்காததை உன் கால்ல எப்படிச் சோதிப்பேன்?"

"அப்ப அந்த ஜனங்க கால்ல மட்டும் சோதிக்கலாமா?"

"அவங்க விஷயம் தெரிஞ்சு சம்மதிச்சவங்க. நீ நான் என்ன சொன்னாலும் கேப்ப. வலி குறையலைன்னாலும் எனக்காகக் குறைஞ்சுதுன்னு சொல்லுவ."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மைதானே!

தங்கையின் ஆராய்ச்சி என்னவென்றால், முட்டி தேய்ந்தவர்களில் பலருக்கு உள்பக்கம்தான் அதிகம் தேய்கிறது. காலை ஊன்றுகிற ஒவ்வொரு தடவையும் பாரம் அங்கேயே போய் விழுகிறது. பாதத்தை ஒரு துளி திருப்பி ஊன்றினால், சிலருக்கு உள்ளே, சிலருக்கு வெளியே, அந்தப் பாரம் கொஞ்சம் நகரும்; நகர்ந்தால் வலி குறையும். மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், நடையைத் திருத்தினால் போதும் என்பது அவள் எண்ணம். நம்பி வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அவள் புது நடை சொல்லிக்கொடுத்தாள். இன்னொரு கூட்டம் அவரவர் நடையிலேயே தினமும் அதே அளவு நடந்தது.

பலனை அளப்பதற்கு நடை அறை. நீளமான அறை. சுவரெல்லாம் கேமரா, தரையோடு தரையாக ஓர் உலோகத் தட்டு. காலில் பளபளவென்று சின்ன உருண்டைகளை ஒட்டிக்கொண்டு அந்தத் தட்டை மிதித்து நடந்தால், முட்டியில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணினி சொல்லிவிடும். அளப்பவள் ஓர் இளம் டெக்னீஷியன். யார் எந்தக் கூட்டம் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. முட்டியம்மாவுக்குத் தெரியும், அதனால் அளக்கும்போது அவள் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. பாசத்தில் ஓர் அளவு கூடிக் குறைந்துவிடாமல் இருக்க அவளே போட்ட சட்டம் அது.

முதல் அளவெல்லாம் எடுத்து முடித்த நாளில், டீ குடிக்கும்போது டெக்னீஷியன் வருத்தப்பட்டாள். "பாவமா இருக்கு மேடம். தட்டு மேல பாதம் முழுசா விழணும்ல? விழலைன்னா மறுபடி நடங்க, மறுபடி நடங்கன்னு படுத்தி எடுக்கிறேன். ஒரு பாட்டி, 'உனக்கு வரப்போற மாமியாரும் உன்னை இப்படித்தான் நடக்க வெப்பா'ன்னு சாபம் குடுத்துட்டுப் போச்சு."

முட்டியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்று மாலை அறை காலியானதும் உள்ளே போய், முட்டி வலிக்க வலிக்க மண்டியிட்டு, தட்டைச் சுற்றிப் பளிச்சென்று மஞ்சள் டேப் ஒட்டிவிட்டு வந்தாள். இனி யாரும் தடவித் தடவி நடக்க வேண்டாம். கட்டம் கண்ணுக்குத் தெரியும், ஒரே நடையில் வேலை முடியும். நல்ல மனசோடு செய்த காரியம்.

மாதங்கள் ஓடின. புது நடை பழகியவர்கள் முகமே மாறிவிட்டது. "ராத்திரி தூக்கம் வருது டாக்டரம்மா" என்றார்கள். இரண்டாம் அளவும் எடுத்தாயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், பாரம் குறையவில்லை. கூடியிருந்தது!

துறைத்தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "வலி குறைஞ்சுதுன்னு அவங்க சொல்றாங்க, சரி. நீங்க அன்பாப் பேசினதுல குறைஞ்சிருக்கும். நம்பிக்கையும் ஒரு மருந்துதான். ஆனா நடையால குறைஞ்சுதுன்னு சொல்ல முடியாதும்மா. அந்த அறைய எலும்பு ஸ்கேன்காரங்க ரொம்ப நாளா கேக்கறாங்க. இந்த வாரக் கடைசில காலி பண்ணிக் குடுத்துடுங்க."

அவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. அறை போனால் ஆராய்ச்சி போச்சு. ஆராய்ச்சி போனால் அக்காவின் கால் ஜன்னலோடு போச்சு. அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள். அக்கா வாய்தாவைப் பற்றிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் அவள் ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நடைவழியில் விசில் சத்தம் கேட்டது. பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். புது நடைக் கூட்டத்தில் அவளுடைய செல்லம். வாழ்நாளெல்லாம் ஓடுகிற வண்டியில் நின்றே தேய்ந்த முட்டி அவருடையது.

"என்ன டாக்டரம்மா, மூட்டை கட்டறீங்க? டிரான்ஸ்பரா?"

"இல்ல கண்டக்டர் சார். நம்ம ஆராய்ச்சி ஃபெயில். உங்க முட்டில பாரம் கூடிப்போச்சாம்."

"யார் சொன்னது?"

"தட்டுதான்."

"தட்டு புளுகுது! என் சம்சாரத்தக் கேளுங்க. போன மாசம் வரைக்கும் சோபாவுல இருந்து என்னைக் கிரேன் வெச்சுத்தான் தூக்கணும். இப்ப அவ திட்ட ஆரம்பிச்சா எழுந்து ஓடறேன்!" என்றவர் குரலில் உண்மையான மனத்தாங்கல். "அன்னிக்கு உங்களுக்காக எவ்வளவு பாடுபட்டு மிதிச்சேன் தெரியுமா?"

அவள் ஒயரைக் கீழே வைத்தாள். "பாடுபட்டு மிதிச்சீங்களா?"

"பின்ன? மஞ்சக் கட்டம் போட்டு வெச்சிருக்கீங்க. அதுல பதிஞ்சாத்தானே உங்களுக்குப் பேரு? எட்டி ஒரு கால் வெச்சு, நச்சுனு."

முட்டியம்மா வாசலுக்கு வந்தாள். அளவெடுப்பு முடிந்துவிட்டதால் இப்போது அவள் பார்க்கலாம். "சார், டீ மிஷின் வரைக்கும் போயிட்டு வாங்களேன்."

போனார், வந்தார். அவள் சொல்லிக்கொடுத்த நடை. பாதம் அளவாகத் திரும்பி, பூப்போல ஊன்றியது. பார்க்கவே அழகாக இருந்தது.

"இப்ப இந்த அறைக்குள்ள நடங்க."

அறைக்குள் நுழைந்ததும் மனுஷர் வேறு ஆளாகிவிட்டார். கண் தரைக்குப் போனது. நெஞ்சு நிமிர்ந்தது. கட்டம் நெருங்க நெருங்க அடி குறுகியது. பிறகு படியில் தாவி ஏறுகிறவர்போல் ஓர் எட்டு வைத்து, மஞ்சள் கட்டத்தின் நடுவே தொம்மென்று ஒரு மிதி! பாதம் நேராக, பழைய திசையிலேயே விழுந்தது. கவனமெல்லாம் கட்டத்தில் இருக்கும்போது கோணம் எங்கே நினைவிருக்கும்?

"எப்படி?" என்றார் பெருமையாக.

முட்டியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கண்டக்டர் பயந்துபோய், "யாராவது வாங்களேன், டாக்டரம்மாவுக்கு என்னமோ ஆச்சு" என்று கத்தினார்.

ஓடிவந்த டெக்னீஷியனோடு உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தாள்; எந்தப் பதிவு எந்தக் கூட்டத்துடையது என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. திரையில் மனிதர்கள் வெறும் புள்ளிகள்தான். ஆனால் புள்ளிகளும் பேசின. டேப் ஒட்டுவதற்கு முந்தைய நடைகளில் அடிகள் சீராக இருந்தன. டேப் ஒட்டிய பிறகு, ஒருவர் பாக்கியில்லாமல் கட்டத்துக்கு முன் எட்டி வைத்திருந்தார்கள். புது நடை கற்றவர்கள் மட்டுமல்ல, ஒன்றுமே கற்காதவர்களும் அப்படியே, அவர்களுக்கும் பாரம் கூடியிருந்தது.

"நான் தினம் பாத்தேனே மேடம்! இவங்க நடையே மாறிடுச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றாள் டெக்னீஷியன், அழாத குறையாக.

"நீ அவங்களை இந்த அறைக்குள்ள மட்டும்தான் பாத்த. நான் வெளியில மட்டும்தான் பாத்தேன். நடுவுல நான் ஒட்டின டேப்பு உக்காந்துக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சு" என்றாள் முட்டியம்மா.

துறைத்தலைவர் லேசில் மசியவில்லை. "முடிவு பிடிக்கலைன்னு திரும்ப அளக்கறதா? ஆராய்ச்சியாம்மா இது, இல்ல பேரமா?"

"தப்பு பண்ணது நான்தான் சார். ஆனா ஒண்ணுமே கத்துக்காத கூட்டத்துக்கும் ஏன் பாரம் கூடிச்சு? அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க, நான் இப்பவே சாவியக் குடுத்துடறேன்."

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரையும் அளக்கறேன், ரெண்டு கூட்டத்தையும்" என்றாள் அவள். "நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். பாரம் குறையலைன்னா, ஸ்கேன் மிஷினை நானே தள்ளிக்கிட்டு வந்து உள்ள வைக்கறேன்."

"இந்த ஒரு தடவைதான்" என்றார் அவர். "அப்புறம் என்கிட்ட வரக் கூடாது."

மஞ்சள் டேப்பை அவள் தன் கையாலேயே உரித்தாள். அறை முழுக்க ஒரே சாம்பல் நிற விரிப்பு போட்டார்கள். தட்டின் அளவுக்கு அதே விரிப்பில் ஒரு துண்டைத் தனியாக வெட்டி மேலே ஒட்டினார்கள். குனிந்து தேடினாலும் கட்டம் தெரியாது. தட்டைத் தேடி ஆள் நடக்க வேண்டாம், ஆள் கிளம்புகிற இடத்தை டெக்னீஷியன் முன்னே பின்னே நகர்த்திக்கொள்வாள். நடக்கிறவர்களுக்கு அவள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "எதிர் ஜன்னலைப் பாத்து நடங்க." இளைப்பாறிக்கொள்ள ஓரமாக ஒரு நாற்காலி. பாட்டி இந்தத் தடவை சாபம் கொடுக்கவில்லை, டெக்னீஷியனுக்கு வரன் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆட்களைத் திரட்டியது கண்டக்டர்தான். வீட்டு வாசலில் நின்று விசிலடித்தே எல்லோரையும் வரவழைத்தார். வெளியூர் போயிருந்தவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். நடை அறைப் பக்கம் திரும்பக் கூடாதென்று முட்டியம்மா சுற்றுவழியாகத் தன் அறைக்குப் போய் வந்தாள்.

கணக்கு சொல்கிற நாள் வந்தது. அளவுகளைக் கணக்குப் போடுகிற புள்ளிவிவரக்காரர் சிரித்து அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. யார் எந்தக் கூட்டம் என்ற விவரம் துறைத்தலைவரின் அலமாரியில் இருந்தது, புள்ளிவிவரக்காரருக்கே தெரியாது. வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார்.

"முதல் கூட்டம்" என்றார். "பாரத்துல மாற்றம் இல்ல. முன்ன எப்படியோ அப்படியே."

டெக்னீஷியன் மேஜைக்கு அடியில் முட்டியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது கூட்டத்துல குறைஞ்சிருக்கு. ஏதோ தற்செயலாக் குறைஞ்ச மாதிரி இல்ல. நானும் நம்பாம மறுபடி போட்டுப் பாத்துட்டேன். நல்லாவே குறைஞ்சிருக்கு."

துறைத்தலைவர் அலமாரியைத் திறந்தார். விவரத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் இந்தத் தடவை துடைக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது கூட்டம்தான் நீங்க நடை சொல்லிக்குடுத்த கூட்டம்மா."

புள்ளிவிவரக்காரர் சிரித்தார்! பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "இவருக்குப் பல் இருக்கா?" என்றாள் டெக்னீஷியன் வாய்விட்டு. அதற்குள் கதவுக்கு வெளியே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் அடித்த விசில், வார்டு வார்டாகப் பரவி ஆஸ்பத்திரி முழுவதும் கேட்டது. நர்ஸ் ஓடிவந்து திட்டினாள். "பஸ் கெளம்பிடுச்சும்மா, இனிமே நிக்காது!" என்றார் அவர், அவளுக்கே ஒரு சல்யூட் வைத்து.

"அறையோட சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் துறைத்தலைவர். "ஸ்கேன்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அடுத்தது இன்னும் பெரிய கூட்டத்தை அளக்கணும், இல்லையா?"

"அளக்கணும் சார். ஆனா இன்னிக்கு எனக்கு அரை நாள் லீவு வேணும்."

அவள் மாடி வீட்டுக்குப் போனபோது அக்கா வழக்கம்போல் ஜன்னலோரம் இருந்தாள். தங்கை செருப்பைக் கழற்றவில்லை. அதைப் பார்த்தே அக்காவுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"என்னடி, செருப்புக் காலோட உள்ள வர? வாய்தா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. எந்திரி."

"இப்பவேவா?"

"இப்பவே. என் கையப் புடிச்சுக்கோ. தரையப் பாக்காத, என் முகத்தப் பாரு. பாதத்தை ஒரு துளி, ஒரே ஒரு துளி உள்ள திருப்பு. எனக்காகப் பொய் சொல்லக் கூடாது. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்."

அக்கா ஊன்றினாள். இன்னோர் அடி வைத்தாள். முகத்தைச் சுளித்தாள், யோசித்தாள், மறுபடி ஊன்றிப் பார்த்தாள்.

"வலிக்குதுடி" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா நேத்து மாதிரி இல்ல" என்றாள்.

அது பொய் இல்லை என்று தங்கைக்குத் தெரிந்தது. பொய் சொல்வதாக இருந்தால் அக்கா வலியே இல்லை என்று சொல்லியிருப்பாள்.

வாரக்கணக்கில் அந்தக் கூடத்திலேயே நடந்தார்கள். ஒருநாள் மாலை, முட்டியம்மா தெருமுனையில் திரும்பும்போது ஜன்னலில் ஆள் இல்லை. பதறிப்போய் எட்டி நடந்தாள். வாசற்படியில், கீழ்ப்படியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். தெருவை ஏதோ புதிதாக வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு.

"லேட்டா வர" என்றாள் அக்கா. "இவ்வளவு நேரம் நிக்க வெச்சுட்டியே. வா, அந்த முனை வரைக்கும் போயிட்டு வரலாம். மேல இருந்து பாத்தா சின்னதாத் தெரியும், கிட்டப் போய்ப் பாக்கணும்."