சோப்புப் போட்ட பெல்ட்

மூத்தவர் உப்பைக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது ஃபேன் பெல்ட் கிறீச்சிடும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலை, மொத்தக் குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பவும் கேட்டார், திரும்பவும் அதே சத்தம். யாருக்கும் புரியாததால் உப்பு போய்ச் சேரவில்லை.

அந்தச் சத்தம் முந்தின நாள் வரை அவருடைய தம்பி மனைவியின் பழைய சின்னக் காரில் இருந்தது. அந்தக் காரில்தான் அவள் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க “கிளச்சு, கிளச்சு” என்று கத்தியதில் தெருவுக்கே அவள் கிளச்சக்கா ஆகிவிட்டாள். வண்டி அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது, ஆர்.சி. புத்தகம் மட்டும் மூத்தவர் பேரில். வீட்டில் எல்லாமே மூத்தவர் பேரில்தான் இருக்க வேண்டுமாம், என்ன நியாயமோ! ஸ்டார்ட் செய்தால் கிறீச், விளக்கைப் போட்டால் கிறீச். தெருவில் மானம் போகிறது, வண்டியை விற்றுவிடலாம் என்றார் அவர். “பெல்ட்டு தளர்ந்திருக்கு மாமா, டைனமோவ நெம்பி இறுக்கினா சரியாயிடும்” என்று அவள் சொன்னது காற்றோடு போயிற்று. “பானெட்ட தொறக்கறதெல்லாம் பொம்பள வேலையா?” என்று கேட்டுவிட்டு, குளியலறையிலிருந்து சோப்பை எடுத்து வந்து, உள்ளே இருந்த இரண்டு பெல்ட்டுகளிலும் வழவழவென்று தேய்த்தார். வண்டி அடங்கியது. ஆனால் தளர்ந்த பெல்ட் தளர்ந்த பெல்ட்தானே, சத்தம் போக ஓர் இடம் வேண்டாமா? சோப்புப் போட்டவர் தொண்டைக்கே போய்ச் சேர்ந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை குழந்தையுடையது மாதிரி இருக்கிறது என்றார். வண்டி ராசியில்லாதது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதை வாங்கியவள் ராசியையும் சேர்த்துப் பேசினார்கள், அவள் காது கேட்கவே. புருஷன்காரன் செய்தது ஒன்றே ஒன்று, வண்டியை ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனான். பட்டறைக்காரர் ஆள் உயரக் கம்பியைப் போட்டு நெம்பி, பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி விறைக்க இறுக்கிவிட்டார். அன்று மாலை மூத்தவர் தாடை பூட்டிக்கொண்டது. நெஞ்சுக்குள்ளிருந்து, இறுக்கம் தாங்காத பேரிங் முனகுவது கேட்டது. பேச முடியாத மனுஷர் அப்போதும் கையால் ஜாடை காட்டினார்: வண்டியை வித்துடுங்க.

கிளச்சக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப் பெல்ட் ஒன்று வாங்கி வந்து, தெரு பார்க்கப் பார்க்கப் பானெட்டைத் திறந்தாள். பழையது உள்பக்கம் வெடித்து, ஓரமெல்லாம் பளபளத்துக் கிடந்தது. பெல்ட் ஓடும் கப்பியில் அப்பியிருந்த சோப்பைத் துடைத்தாள். டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, புதுசை மாட்டி, மரக்கட்டையால் அளவாக நெம்பினாள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை விரற்கடை அமுங்க வேண்டும், அவ்வளவுதான். போல்ட்டை முடுக்கியதும் வீட்டுக்குள்ளிருந்து “உப்பு” என்று தெளிவாகக் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். “பாத்தீங்களா? நான் போட்ட சோப்பு இப்பத்தான் வேலை செய்யுது” என்றார் மூத்தவர். “சத்தம் நின்னாச்சு, நல்ல விலைக்குப் போகும். அடுத்த வாரம் வித்துடலாம்.” கை நிறைய கிரீஸோடு அவள் வாசற்படியில் நின்றாள். புருஷன்காரன் அண்ணன் சொன்னதற்குத் தலையை ஆட்டினான்!

புதுப் பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். சில நாளில் மூத்தவர் பேச்சின் கடைசியில் லேசாகக் கீச்சென்றது. அப்படியே விட்டுவிட அவளுக்கு ஆசைதான், ஆனால் டைனமோ சரியாகச் சுற்றாமல் பேட்டரி இறங்கிப் போனால் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நடுரோட்டில் நிற்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இறுக்கினாள். ஏ.சி.யைச் சுற்றும் மற்றப் பெல்ட்டும் தளர்ந்து, சோப்போடுதான் கிடந்தது, அதை மட்டும் தொடவில்லை. ஏ.சி.யை அவள் போடுவதே இல்லை, போட்டால்தான் அந்தப் பெல்ட்டுக்கு வேலை.

வண்டியைப் பார்க்க ஆள் வந்தான். மூத்தவர் கூடத்தில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்தார். வாசலில், ஓடிக்கொண்டிருந்த வண்டியில், கற்றுக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வைப்பர் என்று நினைத்து ஏ.சி. பொத்தானை அமுக்கினாள். கூடத்தில் “தங்கமான வண்டி, ஒரு சத்தம்...” என்ற இடத்தில் கிறீச்சென்று நீளமாக வந்தது. வந்தவன் எழுந்தான். “பெல்ட்டு போயிடுச்சுங்க” என்றான், காரைப் பார்த்து அல்ல. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளச்சக்கா கையை நீட்டிப் பொத்தானை அணைத்தாள். கூடத்தில் சத்தம் நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. அவள் சிரித்து அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

அந்தப் பெல்ட் இன்றைக்கும் தளர்வாகத்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகம் இப்போது அவள் பேரில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மூத்தவர் எப்போதாவது தொண்டையைக் கனைத்து, “இந்த வண்டி...” என்று ஆரம்பிப்பார். அவள் எழுந்துபோய் ஆணியில் தொங்கும் சாவியை எடுப்பாள். அவர் உப்பைக் கேட்பார். யாராவது உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.